கிட் எதற்கு? கிண்ணம் போதும்!

மூன்று வயது முதல் ஏழு வயது வரை, வீட்டிலேயே குழந்தைகள் கையால் செய்து கற்க என்னவெல்லாம் இருக்கிறது? ஒரு சிறப்புப் பார்வை

மதுரையில் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து இரண்டு கிலோ மொச்சைக்காயைக் கொட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் அப்பத்தா, எதிரே நான்கரை வயதுப் பேரன். காயின் முதுகை அழுத்தினால் வாய் பிளக்கும் என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. நகத்தால் நோண்டுகிறான். பல்லுக்குக் கொண்டுபோய், அப்பத்தா முறைத்ததும் கீழே இறக்குகிறான். நாலைந்து காய் நசுங்கிய பிறகு ஒன்று 'டப்'பென்று திறக்கிறது.

"அப்பத்தா, இதுல நாலு இருக்கு. இதுல மூணுதான்."

"ஒண்ணு சூத்தையாப் போயிருக்கும். நல்லாப் பாரு."

பார்க்கிறான். பச்சைப் புழு ஒன்று நெளிகிறது. கையை உதறுகிறான். பிறகு மெல்ல முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோகிறான்.

"காய் மூடித்தான இருந்துச்சு? இது எப்டி உள்ள போச்சு?"

"எங்கயாச்சும் வாசல் வச்சிருக்கானு தேடு."

தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குண்டூசித் தலையளவு துளையைக் கண்டுபிடித்துவிட்டான். அந்துப்பூச்சி பூவிலும் பிஞ்சிலும் முட்டை வைத்துவிட்டுப் போகும், பொரிந்த புழு துளைத்துக்கொண்டு உள்ளே போகும் என்று அப்பத்தா விளக்கும்போது பேரன் காதிலேயே வாங்கவில்லை. அடுத்தடுத்த காய்களில் வாசல் தேடுகிறான். "இதுல புழு இருக்கும் பாரேன்" என்று உடைப்பதற்கு முன்பே சொல்லிவைக்கிறான். சில சமயம் பலிக்கிறது, சில சமயம் இல்லை. பலிக்காதபோது இன்னும் உற்றுப் பார்க்கிறான்.

எண்ணிக்கை, ஒப்பீடு, ஊகம், சோதனை எல்லாம் நடந்து முடிந்து குழம்புக்கு மொச்சையும் தயார். பிறந்தநாளுக்கு வந்த 'ஆக்டிவிட்டி பாக்ஸ்' அலமாரியின் மேல்தட்டில் பாதி திறந்தபடி கிடக்கிறது. அதிலிருந்த ஸ்டிக்கர்கள் தீர்ந்துபோய்விட்டன.

எல்.கே.ஜி. அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்களில் இன்று அதிகம் அடிபடும் கேள்வி, 'வீட்ல என்ன ஆக்டிவிட்டி குடுக்கிறீங்க?' என்பதுதான். போனைக் கையிலிருந்து வாங்கினால் குழந்தை என்ன செய்யும் என்ற கவலை ஒருபுறம். ரீல்ஸில் வரும் வானவில் நிற அரிசியும், பஞ்சு மேகங்களும், லேபிள் ஒட்டிய தட்டுகளும் தரும் குற்றவுணர்வு மறுபுறம். நடுவே மாதச் சந்தாவில் வீட்டுக்கே வரும் கிட்கள். இந்தக் கிட்களில் பெரும்பாலானவை நம் வீட்டில் ஏற்கெனவே கிடப்பதைக் கொஞ்சம் நிறம் பூசி, கொஞ்சம் சுருக்கி, பெட்டியில் போட்டு விற்பவைதான்.

மணலில் எழுதிய ஊர்

கையால் தொட்டுக் கற்பது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சென்னைக் கதை. எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் விடுதிப் பள்ளிக்கு 1789-ல் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்தவர், அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனை வைத்தே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-ல் லண்டனில் அவர் அதைப் புத்தகமாக வெளியிட்ட பிறகு, 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. விஜயதசமியில் நெல்லிலோ அரிசியிலோ குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுதவைக்கும் நாம், மறுநாளே பென்சிலைக் கையில் திணித்துவிடுகிறோம். அந்த அரிசித் தட்டு இன்னும் ஒரு வருடம் இருந்தால்தான் என்ன?

பெட்டிச் செய்தி: அடையாறு முதல் அரும்பு வரை

• 1907: ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி தன் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் தொடங்கினார்.
• 1939: பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர் மூண்டதால் இத்தாலியரான அவர் நாடு திரும்ப முடியவில்லை. 1942 முதல் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் இருந்தார்.
• 1975: அங்கன்வாடிகளுக்கு வித்திட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அக்டோபர் 2-ல் தொடங்கியது.
• 2003: சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல். அட்டைகள், ஏணிப்படிகளோடு, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது.
• 2022: 'எண்ணும் எழுத்தும்' திட்டம். வயதைப் பார்க்காமல், குழந்தை நிற்கும் இடத்தைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கும் முயற்சி.

பென்சிலுக்கு முன் பூண்டு

பிறக்கும்போது குழந்தையின் மணிக்கட்டில் எலும்பே கிடையாது. பிற்பாடு எட்டுச் சிறு எலும்புகளாக மாறப்போவது எல்லாம் அப்போது குருத்தெலும்புதான். அது ஒவ்வொன்றாக இறுகி முடியப் பல வருடங்கள் ஆகும். எழுதும் கைக்குத் தோள், முழங்கை, மணிக்கட்டு, பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் என்று வரிசையாகப் பலம் வரவேண்டும். இரண்டு கோட்டு நோட்டில் நாலு பக்கம் 'a' எழுதச் சொன்னால் மூன்றரை வயதுப் பிள்ளை பென்சிலைக் குத்துவாள்போலப் பிடிப்பது அடம் அல்ல. அந்தக் கையால் அப்போது அவ்வளவுதான் முடியும்.

அந்தப் பலத்தைத் தருவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஓர் உடற்பயிற்சிக் கூடம் உண்டு. அடுப்படி. ஊறவைத்த பூண்டை உரிப்பது, எலுமிச்சையைப் பிழிவது, இட்லித் துணியை முறுக்குவது, சப்பாத்தி மாவைப் பிசைவது, கொத்தமல்லியை ஆய்வது. ஈரத் துணியைப் பிழியும்போது இரண்டு கையும் எதிரெதிர்த் திசையில் முறுக்கியாக வேண்டும். மூன்று வயதில் இது பெரிய வித்தை. சாமிக்குப் பூக்கட்டும் வீடென்றால் இன்னும் விசேஷம். முடிச்சு விழாவிட்டால் பரவாயில்லை, நாரில் பூவை வரிசையாக அடுக்கித் தருவதே விரலுக்கு வேலைதான்.

மாவு பிசைவதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு கிண்ணத்தில் கோதுமை மாவு, சின்ன டம்ளரில் தண்ணீர். 'ஊத்து, கொஞ்சமா' என்று மட்டும் சொல்லி விட்டுவிட வேண்டும். முதல் முறை தண்ணீர் கூடும், மாவு கையில் அப்பிக்கொள்ளும், குழந்தை விரலை விரித்துவைத்து அழத் தயாராகும். அப்போது கையைக் கழுவிவிடப் பாய்ந்து போகக் கூடாது. 'என்ன பண்ணலாம்?' என்று கேளுங்கள். இன்னொரு பிடி மாவு போடலாம் என்று அதுவே சொல்லும். இல்லையென்றால் நீங்கள் ஒரு பிடி மாவைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். கடைசியில் வரும் கோணல் சப்பாத்தியை அப்பா சாப்பிட்டே ஆகவேண்டும், அதில் விலக்கு கிடையாது.

நூறு வரை சொல்வதும் நாலு எடுப்பதும்

விருந்தாளி வந்தால் 'ஒன் டூ த்ரீ சொல்லு கண்ணா' என்று நிறுத்திவைப்போம். கண்ணாவும் நூறுவரை ஒப்பிப்பான். 'ஏழு ஸ்பூன் எடுத்துட்டு வா' என்றால் கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு வருவான். சொல்வது நாக்கின் பழக்கம், எண்ணுவது வேறு வேலை. ஒரு பொருளுக்கு ஓர் எண், எதையும் விடாமல், எதையும் இரண்டு முறை தொடாமல், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிந்துகொள்வது. சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு டம்ளர் என்று எடுத்துவைக்கும் பிள்ளைக்கு இது தானாக வருகிறது. தட்டு குறைந்தால் யாரோ ஒருவருக்குச் சோறு இல்லை என்பதால், விடை சரியா தப்பா என்று ஆசிரியரிடம் கேட்கவேண்டிய அவசியமே இல்லை.

பல்லாங்குழி இதில் தனி ரகம். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை என்றால் மொத்தம் எழுபது. ஒவ்வொரு குழியிலும் ஒன்றொன்றாய்ப் போட்டுக்கொண்டே போகும்போது விரலும் எண்ணும் ஒன்றாக நகர்கின்றன. ஒரு குழியில் நான்கு சேர்ந்துவிட்டால் அது 'பசு', குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம். மூன்று நான்கு பொருள்வரை நம் கண் எண்ணாமலே ஒரே பார்வையில் சொல்லிவிடும். அதற்குமேல் போனால் எண்ணித்தான் ஆகவேண்டும். பசு விழும் இடம் சரியாக அந்த எல்லையில் இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளை பாட்டிக்கு முன்பே 'பசு!' என்று கத்துவது அதனால்தான். பலகை இல்லையா? முட்டை அட்டைகளில் பதினான்கு குழிகளை வெட்டி எடுத்தால் போதும்.

சமையல் மேடையிலேயே நடத்தக்கூடிய ஒரு பிரபலமான சோதனை உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு டம்ளர்களில் சமமாகத் தண்ணீர் ஊற்றி, 'ரெண்டும் ஒண்ணுதானே?' என்று குழந்தையிடம் ஒப்புதல் வாங்குங்கள். பிறகு அதன் கண்முன்னாலேயே ஒன்றை ஒல்லியான உயரப் பாத்திரத்தில் மாற்றி ஊற்றி, 'இப்ப எதுல அதிகம்?' என்று கேளுங்கள். நாலைந்து வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் உயரமானதைக் காட்டும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதை வைத்துத்தான் குழந்தைகள் நம்மைவிடக் குறைவாக அல்ல, வேறு விதமாக யோசிக்கிறார்கள் என்று எழுதினார். இது மாற ஏறக்குறைய ஏழு வயதாகும். 'தப்பு' என்று திருத்துவதால் எந்தப் பயனும் இல்லை. வாளியையும் செம்பையும் டம்ளரையும் கொடுத்து, குளிக்கும் நேரத்தைப் பத்து நிமிடம் கூட்டிக்கொடுத்தால் பயன் உண்டு.

கோலமும் கணக்குதான். நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி வைக்கப் பழகும் பிள்ளைக்கு வரிசை, நிரல், பாதி, சமச்சீர் எல்லாம் விரல்நுனியில் வந்து நிற்கின்றன. 1970-களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி உள்ளிட்ட ஆய்வாளர்கள், கோலங்களைக் கணினி மொழியின் இலக்கணத்தோடு இணைத்துக் கட்டுரைகளே எழுதினார்கள். நாம் அதுவரை போகவேண்டாம். பால்கனியில் மூன்று புள்ளி மூன்று வரிசை போதும்.

சட்டைக் கறை சொல்லும் வேதியியல்

சாம்பார் கொட்டிய வெள்ளைச் சட்டையில் சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து சிவப்பதும் இதே சங்கதிதான். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவையுங்கள். சோப்புத் தண்ணீரைத் தொட்டு விரலால் படம் வரையச் சொல்லுங்கள். வரைந்த இடமெல்லாம் செம்பழுப்பாகும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சள். அடுத்து குழந்தை வீட்டிலிருக்கும் எல்லாவற்றையும் அந்தத் தாளில் தடவிப் பார்க்கும். மோர், புளிக்கரைசல், ஷாம்பூ, ஆப்பசோடாத் தண்ணீர். தடவட்டும். எது சிவக்கிறது, எது சிவக்கவில்லை என்று இரண்டு வரிசையாகப் பிரித்து வைத்தால் அமிலமும் காரமும் பெயரே தெரியாமல் பிடிபட்டுவிடும். வேலியில் சங்குப்பூ இருந்தால் இன்னும் கொண்டாட்டம். வெந்நீரில் போட்ட நீலச் சாறு எலுமிச்சை பட்டதும் ஊதாவாகும்.

இன்னொன்றுக்கு நாலைந்து நாள் பொறுமை வேண்டும். இரவில் ஊறவைத்த பச்சைப்பயறை இரண்டு கிண்ணங்களில் ஈரத்துணிமேல் பரப்பி, ஒன்றை ஜன்னலோரத்திலும் ஒன்றை அலமாரிக்குள் இருட்டிலும் வையுங்கள். எது உயரமாக வளரும் என்று முன்கூட்டியே வீட்டில் எல்லோரும் சொல்லிவிட வேண்டும். பெரியவர்களும்கூட ஜன்னலோரத்தைத்தான் சொல்வார்கள். நாலைந்து நாளில் பார்த்தால் இருட்டில் இருப்பது வெளிறிய மஞ்சளாய், நெடுநெடுவென்று உயர்ந்து நிற்கும். வெளிச்சத்தைத் தேடி இருக்கிற சத்தையெல்லாம் தண்டிலேயே செலவழித்துவிட்டது அது. அம்மன் கோயில் முளைப்பாரியை இருட்டறையில் வைத்து வளர்ப்பவர்களுக்கு இந்த ரகசியம் எப்போதோ தெரியும்.

தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்து முக்கோணம், சதுரம், வீடு என்று கட்டவைத்த அரவிந்த் குப்தாவை இந்த இடத்தில் சொல்லாமல் விடமுடியாது. ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்துவிட்டு, குப்பையிலிருந்து பொம்மை செய்யப் போனவர். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய பொம்மைச் செய்முறைகளும் புத்தகங்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பெட்டிச் செய்தி: கவனம், கவனம்!

• மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் கொட்டை, பாசிமணி, காசு எதுவும் வேண்டாம். வாய்க்குள் போய்த் தொண்டையில் அடைக்கும்.
• பல்லாங்குழிக்குக் குன்றிமணி வேண்டவே வேண்டாம். கடித்துவிட்டால் கடும் விஷம். ஆமணக்கு, அரளி விதைகளும் அப்படித்தான்.
• சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிவப்பு நிறத்துக்குச் சோப்பு போதும்.
• ரிமோட், பொம்மைகளில் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.
• அரை வாளித் தண்ணீர் என்றாலும் பெரியவர் ஒருவர் கூடவே இருக்கவேண்டும்.

யார் செய்வது?

இதுவரை படித்த அம்மாக்களில் பாதிப்பேர், 'இதையும் நானேதான் செய்யணுமா?' என்று பெருமூச்சு விட்டிருப்பார்கள். நியாயம். இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டுவேலைக்கு அதைச் செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். இதற்குமேல் அரிசிக்குச் சாயமேற்றிக் காயவைக்கும் ஒரு மணி நேரத்தையும் பெண்கள் தலையிலேயே ஏற்றுவதைத்தான் ரீல்ஸ் செய்கிறது. பத்து நிமிடம் விளையாடிவிட்டுக் குழந்தை எழுந்து போய்விடும். சோபா இடுக்கிலிருந்து ஊதா நிற அரிசியைப் பொறுக்குவது யார் என்பதை எந்த வீடியோவும் காட்டுவதில்லை.

அதனால் குழந்தைக்கென்று தனியாக ஒரு 'ஆக்டிவிட்டி' தயாரிப்பதை விட்டுவிடலாம் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. எப்படியும் நடக்கப்போகும் வேலையில் குழந்தைக்கு ஒரு பங்கு கொடுத்தால் போதும். நேரம் கூடுதலாக ஆகும், உண்மைதான். பத்து நிமிட வேலை அரை மணி நேரமாகும். திங்கள் காலை ஏழே முக்காலுக்கு வேன் வருகிற வீட்டில் இது நடக்காது, நடக்கவேண்டியதும் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று வேளை, வீட்டில் யாருக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரமிருக்கிறதோ அவருடைய வேலையில் பங்கு.

அந்த 'யாருக்கோ'வில் அப்பாவும் சேர்த்தி. பைக் கழுவுவது, துவைத்த சாக்ஸை ஜோடி சேர்ப்பது, ஸ்க்ரூ டிரைவரால் பழைய ரேடியோவைப் பிரிப்பது (பிளக்கைப் பிடுங்கிய பிறகு), மளிகைச் சாமானைப் பெரிய டப்பா சின்ன டப்பா என்று பிரித்து அடுக்குவது. சாக்ஸ் ஜோடி சேர்ப்பதும் மாண்டிசோரிப் பள்ளியில் கட்டணம் கட்டிச் செய்யும் வகைப்படுத்தல் பயிற்சியும் ஒன்றுதான்.

இடமும் ஒரு பிரச்னை. ஒற்றை அறை வாடகை வீட்டில், ஷிப்ட் முடிந்து வரும் தாய் தகப்பனிடம் 'மாவு கொடுங்கள், தண்ணீர் கொடுங்கள்' என்று உபதேசிப்பது எளிது. தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்கும் தெருவில் குளியல் நேரத்தைக் கூட்டச் சொல்வது அபத்தம். அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டைவிட அங்கன்வாடிதான் பதில். தமிழ்நாட்டில் 54,000-க்கும் அதிகமான மையங்கள் இருக்கின்றன. அங்கே சத்துமாவும் முட்டையும் ஒழுங்காக வருகிறதா என்று விசாரிக்கும் நாம், விளையாட்டுச் சாமான் பெட்டி திறந்திருக்கிறதா என்று விசாரிப்பதில்லை. உடைந்துவிடும் என்று பயந்து பீரோவில் பூட்டிவைக்கப்பட்ட பொம்மை, எந்தப் பிள்ளைக்கும் எதையும் கற்றுத்தராது.

திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது இது: இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் நல்லது. மூன்று நான்கு வயதில் உடம்பை அசைக்கும் நேரம் மட்டும் மூன்று மணி வேண்டும். போனைப் பிடுங்கிவிட்டு வெறும் கையோடு விட்டால் வீடு இரண்டாகும். பூண்டுத் தட்டை முதலில் பக்கத்தில் வைத்துவிட்டுப் பிறகு போனை வாங்குவது புத்திசாலித்தனம்.

பள்ளி என்ன சொல்கிறது?

வீட்டில் எவ்வளவு விளையாடினாலும், பள்ளி நான்கு பக்கம் வீட்டுப்பாடம் கொடுத்தால் எல்லாம் அங்கேயே கரைந்துவிடும். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு சி.பி.எஸ்.இ. பள்ளிகள் வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதமே உத்தரவிட்டது. ஆனால், எல்.கே.ஜி. பையைத் திறந்து பார்க்கும் பெற்றோருக்கு அந்த உத்தரவின் நினைவே வருவதில்லை. கொடுக்காத பள்ளியிடம்கூட 'ஏன் எழுதவே வைக்கிறதில்லை? பக்கத்து ஸ்கூல்ல கர்சிவ் வந்துடுச்சே?' என்று சண்டைக்குப் போவது பெரும்பாலும் நாம்தான். பெற்றோர் கேட்கிறார்கள் என்று பள்ளியும், பள்ளி கொடுக்கிறது என்று பெற்றோரும் ஒருவரையொருவர் காட்டிக்கொண்டிருக்க, நடுவில் நான்கு வயதுக் கட்டைவிரல் சிவந்து கிடக்கிறது.

அடுத்த அட்மிஷன் சீசனில் பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள், ஸ்மார்ட் போர்டும் ஏ.சி.யும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எல்.கே.ஜி. அறையில் இதையும் பாருங்கள். மணல் தட்டு இருக்கிறதா? கட்டைகளும் சொப்புச் சாமானும் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, காட்சிக்கு மேல்தட்டில் இருக்கின்றனவா? சுவரில் ஒட்டியிருக்கும் படங்கள் முப்பதும் ஒரே மாதிரி இருந்தால், அவற்றை வரைந்தது மிஸ். கோணலும் மாணலுமாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தால் ஃபீஸ் எவ்வளவு என்று விசாரிக்கலாம்.